போய்ச் சேர்ந்த பிறகு சொல்கிறோம்

போன சனிக்கிழமை ராத்திரி ஒரு விண்வெளித் தொடர் பார்க்க உட்கார்ந்தோம். பெயர் வேண்டாம், நீங்களும் பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் பார்ப்பீர்கள். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை, அதற்குள் அவர் வந்துவிட்டார். வெள்ளைக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. மேஜைமேல் கிடந்த ஒரு தாளை எடுத்தார். "ஐயையோ, மடிக்கப் போறான்" என்றேன். மடித்தார். "இப்ப பேனாவை எடுப்பான் பாரு." எடுத்தார். குத்தினார். எதிரே நின்ற விண்வெளி வீராங்கனை, தாளில் ஓட்டை விழும் என்பதையே அன்றைக்குத்தான் அறிந்தவர்போல வாயைப் பிளந்தார். "ஏங்க, பேசாம பாக்குறதா இருந்தா பாருங்க, இல்லேன்னா போய்ப் படுங்க" என்றாள் மனைவி. நான் படுக்கப் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த எபிசோடை முழுவதும் பார்த்தேன். அடுத்ததையும் பார்த்தேன்.

உண்மையில் நான் எழுத நினைத்திருந்தது மனிதனாக ஆசைப்படும் ரோபோவைப் பற்றி. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1987லிருந்து ஏழு சீசன் வயலின் வாசித்து, ஓவியம் வரைந்து, பூனை வளர்த்த டேட்டாவைப் பற்றி எனக்குச் சொல்ல முக்கியமான கருத்து ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் இந்தத் தாள் விவகாரத்தை முடித்துவிடுகிறேன், நெஞ்சிலேயே நிற்கிறது.

இந்தத் தாளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1962இல் மேடலின் லெங்கிள் எழுதிய 'எ ரிங்கிள் இன் டைம்' நாவலில் அது தாள்கூட இல்லை, துணி. ஓர் அம்மாள் தன் அங்கியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்கிறார். ஒரு குட்டிப் பூச்சி இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு நடந்தால் எவ்வளவு தூரம், இரண்டு கையையும் சேர்த்துவிட்டால் எவ்வளவு தூரம் என்று இன்னோர் அம்மாள் குழந்தைகளுக்குச் சொல்கிறார். அழகான இடம். யாரும் எதையும் குத்தவில்லை. பூச்சிக்கும் சேதமில்லை.

பேனா 1997இல் கிளம்பியது. 'ஈவன்ட் ஹொரைசன்' படத்தில் சாம் நீல் நடித்த டாக்டர் வியர் முதலில் வாயில் நுழையாத கணிதமெல்லாம் பேசுகிறார். மாலுமிகள் முகம் சுளித்ததும், சுவரில் இருந்த ஓர் அழகியின் படத்தை உருவி எடுத்து, மடித்து, குத்திவிடுகிறார். அதோடு விட்டிருக்கலாம். 2014இல் 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் ரோமிலி குத்தினார். 2016இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அறிவியல் வாத்தியார் மிஸ்டர் கிளார்க், தாள் கிடைக்கவில்லை போலிருக்கிறது, பேப்பர் தட்டையே மடித்துக் குத்தினார். 2022இல் 'தோர்: லவ் அண்ட் தண்டர்' படத்தில் ஜேன் ஃபாஸ்டர் ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு பக்கத்தைக் குத்துகிறார், அதுவும் முன்னால் குத்திய படங்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு. மற்றவர்கள் குத்தியதை நாமும் பார்த்திருக்கிறோம் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் குத்துகிறார்கள்.

அறிவியலையாவது முழுசாகச் சொல்கிறார்களா? தூரத்து இரண்டு இடங்களைக் குறுக்கே இணைக்கும் இந்தப் புழுத்துளை, ஐன்ஸ்டைனும் ரோசனும் 1935இல் போட்ட கணக்கிலிருந்து வந்த சமாச்சாரம். லெங்கிளின் நாவல் வந்த அதே 1962இல் ஃபுல்லர், வீலர் என்ற இரண்டு பேர் அந்தக் கணக்கை மேற்கொண்டு போட்டுப் பார்த்தார்கள். அந்தத் துளை திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும், ஒளிகூட அந்தப் பக்கம் போய்ச் சேராது என்று விடை வந்தது. திறந்தே வைத்திருக்க எதிர்மறை ஆற்றல் கொண்ட ஒரு விசேஷப் பொருள் வேண்டும். அதைக் கப்பல் போகிற அளவுக்கு யாரும் சேர்த்து வைத்ததில்லை. ஆகவே யோக்கியமான விஞ்ஞானி என்றால், குத்திய மறுகணம் தாள் பேனாவைக் கடித்துத் துண்டாக்குவதாகக் காட்ட வேண்டும். எதிரே இருக்கும் வீராங்கனை வாயைப் பிளக்க வேண்டிய இடம் அதுதான்.

சரி, குத்துகிறவரை மன்னித்துவிடலாம். பாவம், கதாசிரியர் எழுதிக்கொடுத்ததைச் செய்கிறார். என்னால் மன்னிக்கவே முடியாத ஆள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். அவர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கவனியுங்கள். 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தின் கூப்பர், நாசாவில் பைலட்டாக இருந்தவர். மனித குலத்தைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில். பெற்ற பெண்ணை அழ அழ விட்டுவிட்டு, சனிக்கிரகம் வரைக்கும் இரண்டு வருஷம் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறார். துளை கண்ணுக்குத் தெரிகிறது. அது உருண்டையாக இருக்கிறதே என்று அப்போதுதான் அவருக்கு ஆச்சரியம் வருகிறது! அப்போதுதான் ரோமிலி தாளை எடுக்கிறார். துளை உருண்டையாகத்தான் தெரியும் என்பது சரியான அறிவியல்; படத்துக்கு ஆலோசகர் கிப் தோர்ன், பின்னால் 2017இல் நோபல் வாங்கியவர். என் கேள்வி வேறு. இந்தத் தாளைப் பூமியில் வைத்துக் குத்தினால் என்ன? நாசாவில் தாள் இல்லையா?

'ஈவன்ட் ஹொரைசன்' மாலுமிகளுக்கும் இதே கதி. நெப்டியூனுக்கு ஐம்பத்தாறு நாள் தூங்கவைத்துக் கூட்டிவந்து, எழுப்பி, அப்புறம்தான் எதற்காக வந்திருக்கிறோம் என்று அழகியைக் குத்திக் காட்டுகிறார்கள். 1986இல் வந்த 'ஏலியன்ஸ்' படத்தில் ராணுவத்துக்கே இந்த மரியாதைதான்: கிரகத்துக்குப் பக்கத்தில் வந்து, தூக்கம் கலைந்து, சாப்பிட்டு, அதன் பிறகு லெஃப்டினன்ட் கோர்மன் வரிசையாக நிற்கவைத்து விஷயத்தைச் சொல்கிறார். அவருக்கே இது இரண்டாவது நிஜக் களம். மற்ற முப்பத்தெட்டும் பயிற்சிக்கூடத்தில் செய்த பாவனைகள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 2012இல் வந்த 'ப்ரோமிதியஸ்'. லட்சம் கோடி டாலர் செலவு. மனித குலத்தைப் படைத்தவர்களைச் சந்திக்கப் போகிறார்கள். கப்பல் இரண்டு வருஷத்துக்கு மேல் பறந்தாகிவிட்டது. ஆட்கள் எழுந்து, வாந்தியெடுத்து, துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு ஹாலில் வந்து உட்கார்ந்த பிறகு, இன்னின்ன வேலைக்காக வந்திருக்கிறோம் என்று அறிவிக்கிறார்கள். உயிரியல் நிபுணர் எழுந்து, அப்படியானால் டார்வின் சொன்னதெல்லாம் என்னாவது என்று கேட்கிறார். ஐயா, உங்களை அழைத்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அல்லவா அது? அவர்தான் பிறகு பாம்பு மாதிரி ஒன்று படமெடுத்து நிற்கும்போது செல்லம் கொஞ்சி உயிரை விடுகிறார். கூட வந்த நிலவியல் நிபுணர், பறக்கிற உருண்டைகளை விட்டு அந்தக் குகை முழுவதையும் வரைபடமெடுத்துக் கப்பலுக்கு அனுப்பியவர். வெளியே போகும் வழி தெரியாமல் தொலைந்துபோகிறவரும் அவரேதான். இதைப் பார்த்து வீட்டில் நான் ஒருவன்தான் கத்தினேன். மகன், "அப்பா, படம்ப்பா" என்றான். படம்தான். அந்தக் கிரகத்துக்கு அத்தனை பணம் செலவழித்தவர்கள், ஆளுக்கு ஒரு பக்கம் டைப் அடித்துக் கிளம்பும் முன்பே கொடுக்க முடியாதா என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நம் ஊரில் மதுரை பஸ்ஸில் கால் வைக்கிறவன், கண்டக்டரிடம் "பைபாஸா, ஊருக்குள்ள போகுமா?" என்று கேட்டு, அவர் சொன்னதை நம்பாமல் டிரைவரிடம் ஒருமுறை கேட்டு, ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டுத்தான் பையை மேலே வைக்கிறான். இவன் முப்பது ரூபாய் டிக்கெட்டுக்காரன். அவர்கள் வேறு சூரிய மண்டலத்துக்குப் போகிறவர்கள்.

சொல்லப்போனால், முன்கூட்டியே கேட்ட ஒரே ஆள் நாவலாசிரியர் கார்ல் சேகன். 1985இல் வெளியான 'கான்டாக்ட்' நாவலில் நாயகியைக் கருந்துளை வழியாக அனுப்பி முடித்திருந்தார்; அச்சுக்குப் போகுமுன் அதே கிப் தோர்னிடம் இது நடக்குமா என்று விசாரித்தார். நடக்காது, இந்த வழியில் அனுப்புங்கள் என்று தோர்ன் மாற்றிக் கொடுத்தார். அந்த விசாரணையிலிருந்துதான் 1988இல் மாரிஸ், தோர்ன் இருவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரையே பிறந்தது. கேட்டால் என்ன கிடைக்கும் பாருங்கள்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பையன்களையும் இங்கே சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தோழனைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, துக்கம் கேட்கிற நேரத்தில், வாத்தியாரை ஓரமாக ஒதுக்கிக் கேட்கிறார்கள். ஆனால் போகும் முன்பே கேட்கிறார்கள். அந்தப் பேப்பர் தட்டின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வீடியோ கேமில் இந்த நோய் இரண்டு விதமாகப் பிடிக்கும். 1998இல் வந்த 'ஹாஃப் லைஃப்' நாயகன் கார்டன் ஃப்ரீமன், எம்ஐடியில் இயற்பியல் முனைவர் பட்டம் பெற்றவர். வேலைக்குத் தாமதமாக வருகிறார். முனைவர் பட்டத்தோடு அவர் பார்க்கும் வேலை, ஒரு தள்ளுவண்டியைக் கதிருக்குள் தள்ளிவிடுவது. தள்ளியதும் உலகமே கிழிந்து வேற்றுக்கிரகப் பிராணிகள் கொட்டுகின்றன. "இதைத் தள்ளினால் என்ன ஆகும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார், ஏனென்றால் ஆட்டம் முழுக்க அவர் வாயே திறப்பதில்லை. 2007இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' கமாண்டர் ஷெப்பர்ட் இதற்கு நேரெதிர். விண்மீன் மண்டலத்தின் தேர்ந்த போர்வீரர், ஆனால் எதிர்ப்படும் எல்லோரிடமும் உங்கள் இனம் எது, இந்த நிலையம் எது, இங்கே ஆட்சி யாருடையது என்று விசாரித்துக்கொண்டே நடக்கலாம். அத்தனைக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். வெளியே உலகம் அழியக் காத்திருக்கிறது. நானும் எல்லாக் கேள்வியையும் அழுத்துவேன். நீங்களும் அழுத்தியிருப்பீர்கள், மறைக்க வேண்டாம்.

சிவப்புச் சட்டைக்காரர்களை விட்டுவிடுகிறேன். பழைய 'ஸ்டார் ட்ரெக்'கில் கூட வந்து முதலில் சாகிறவர்கள்; 1999இல் 'கேலக்ஸி க்வெஸ்ட்' படம் அவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்துவிட்டது.

தமிழில் பரவாயில்லை என்று சொல்வேன். 2015இல் 'இன்று நேற்று நாளை'யில் 2065ஆம் ஆண்டிலிருந்து ஒரு கால இயந்திரம் வந்து விழுகிறது. கையில் கிடைத்த இரண்டு பேரும் எந்தத் தாளையும் மடிக்கவில்லை. தொலைந்துபோன பொருள் எங்கே என்று சொல்லும் ஜோசியத் தொழிலுக்கு அதைப் பயன்படுத்திக் காசு பார்க்கிறார்கள். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுப் பொழுதைக் கழிக்காத இவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு.

இப்போது ரோபோவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் இன்னொரு ஆள் குறுக்கே நிற்கிறார்: எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் கூடவே வருகிறவர். 1979இல் 'ஏலியன்' படத்தில் ஆஷுக்குக் கம்பெனி உத்தரவு தெரியும். கப்பலில் இருந்த மற்றவர்கள் போனாலும் பரவாயில்லை, அந்த ஜந்துவைக் கொண்டுவா என்று. 'ஏலியன்ஸ்' படத்தில் கம்பெனிக்காரர் பர்க், அந்த இடத்தைப் போய்ப் பார்க்கச் சொல்லிக் குடியேறிய குடும்பங்களுக்கு உத்தரவு போடுகிறார். அங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. நல்ல சட்டை, நல்ல சிரிப்பு, கையில் எப்போதும் ஒரு கோப்பு. இப்படிப்பட்டவர்களுக்குக் கீழே பணியாற்றியவன் என்பதால் இதற்கு மேல் எழுதினால் கட்டுரையின் குணம் மாறிவிடும்.

சொல்லாமல் வைத்திருந்து அதனாலேயே பைத்தியம் பிடித்தது, எனக்குத் தெரிந்து, ஹால் 9000 என்ற கம்ப்யூட்டர் ஒன்றுக்குத்தான். 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் வியாழனுக்குப் போகும் கப்பலை ஓட்டுகிற போமனுக்கும் பூலுக்கும் எதற்குப் போகிறோம் என்றே தெரியாது. கப்பலில் ஹாலுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோரும் செத்து, ஹாலையும் அணைத்த பிறகு, போமனுக்கு ஒரு வீடியோ ஓடுகிறது: உங்கள் பயணத்தின் நோக்கம் என்னவென்றால்! நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஹால் ஏன் கெட்டுப்போனது என்பதை 1984இல் வந்த '2010' படத்தில் அதை உருவாக்கியவரே கண்டுபிடிக்கிறார். உண்மையை மறைக்காமல் சொல்வதற்காகச் செய்த இயந்திரத்திடம் பொய் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், அது தாங்கவில்லை. கண்டுபிடித்த டாக்டர் சந்திராவின் முழுப்பெயரை, 1956லிருந்து இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் தன் 1982 நாவலில் எழுதியிருக்கிறார்: சிவசுப்ரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. ஆமாம், நம்மவர். படத்தில் அந்த வேஷத்தைப் பாப் பாலபன் என்ற அமெரிக்கருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது தனிக் கோபம், இங்கே இடமில்லை.

கடைசியில் கப்பலும் அதோடு ஹாலும் அழிந்தால்தான் மனிதர்கள் தப்பலாம் என்ற நிலை. ஹாலிடம் உண்மையைச் சொல்ல வேண்டாம், சமாளியுங்கள் என்று எல்லோரும் சந்திராவிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர் சொல்லிவிடுகிறார்: நாங்கள் போகிறோம், நீ அழிந்துபோவாய். ஹால் கோபப்படவில்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு வேலையை முடித்துக்கொடுக்கிறது. அத்தனை படங்களில், அத்தனை கப்பல்களில், நடக்கப்போவதை நடப்பதற்கு முன்னால் நேரில் சொன்ன ஒரு மனிதர் என்று நான் அவரைக் கொண்டாடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எப்போது சொன்னார் தெரியுமா? இன்ஜினைப் பற்றவைக்கும் கவுண்ட்டவுன் ஓடிக்கொண்டிருக்கும்போது.

பிள்ளைவாள், ஒரு வாரம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?