வினா ஆறு, விடை எட்டு, நான் ஒருவன்

ஸ்ரீரங்கத்தில் கேள்விக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை. கூரத்தாழ்வானின் பிள்ளை பராசர பட்டர் தெருவில் மண்ணளைந்து விளையாடுகிற வயதில், சர்வக்ஞ பட்டர் என்றொரு பண்டிதர் பல்லக்கில் வந்தாராம். எல்லாம் அறிந்தவர் வருகிறார் என்று முன்னால் கட்டியம். குழந்தை ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போய், இது எவ்வளவு என்று கேட்டது. பண்டிதர் மண்ணை எண்ண முடியாமல் முழித்தார். ஒரு பிடி என்று சொல்லத் தெரியவில்லையே என்று சொல்லிவிட்டுக் குழந்தை விளையாடப் போய்விட்டது. குருபரம்பரைக் கதை. அதற்குப் பிறகு பல நூறு ஆண்டுகள் ஓடியும் எங்கள் வீதிகளில் வழக்கம் மாறவில்லை. இப்போது பல்லக்கு இல்லை; என் கையில் காய்கறிப் பை இருக்கிறது.

பையோடு சித்திரை வீதியில் இறங்கினால், "என்ன ஸ்வாமி, மார்க்கெட்டா?" என்பார் எதிர்வீட்டு மாமா. காலை ஏழு மணிக்கு, காலிப் பையும் கலங்கிய முகமுமாக ஒருவன் வேறெங்கே போவான்? 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பிரித்தார். அதில் முதல் வகை அறிவினா: விடை தெரிந்துகொண்டே கேட்பது. ஆசிரியர் மாணவனைக் கேட்பதை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். எதிர்வீட்டு மாமாவை உரைகாரர்கள் பார்த்திருந்தால் ஆசிரியரை விட்டிருப்பார்கள்.

திரும்பி வரும்போது இன்னும் மோசம். "வெண்டைக்காய் என்ன விலை?" ஒருமுறை உண்மையைச் சொன்னேன், அறுபது. "அறுபதா! காந்தி மார்க்கெட்டில் நாற்பதுக்குக் கொட்டிக் கிடக்கிறதே, நன்னா ஏமாந்துட்டேளே" என்றார், தெரு முழுக்கக் கேட்கும்படி. மானம் பெரிதல்லவா? அடுத்த வாரத்திலிருந்து எந்த விலையானாலும் முப்பத்தைந்து என்று சொல்லத் தொடங்கினேன். மாமாவின் புருவம் உயர்ந்தது. நான் ஒரு சுற்று பருத்தேன். "அப்படியா? அடுத்த தரம் எனக்கும் ஒரு கிலோ கிடைக்குமோ?" என்றார். இது கொளல் வினா, வாங்கிக்கொள்வதற்காகக் கேட்பது. இன்றைய தேதிக்கு மூன்று வீடுகளுக்கு நான் வெண்டைக்காய் மானியம் வழங்கிக்கொண்டிருக்கிறேன். அரசாங்கம்கூட அவ்வப்போது மானியத்தைக் குறைக்கிறது. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

வீட்டுக்குள் ஆட்சி செய்வது ஏவல் வினா. கேள்வியின் உடுப்பில் வரும் உத்தரவு. "ஏன்னா, கொடியில துணி இருக்கே, மழை வராப்ல இருக்கே, பார்த்தேளா?" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வரும். "பார்த்தேன்" என்பேன். இலக்கணப்படி இது நேர் விடை; குற்றம் சொல்ல இடமில்லை. துணி நனைந்த பிறகு இலக்கணம் எடுபடுவதில்லை. கொடை வினா என்றும் ஒன்று உண்டு. கொடுப்பதற்காகக் கேட்பது. "உங்களுக்கு வேஷ்டி சட்டை இருக்கா?" என்பது போல. தீபாவளிக்கு முன்னால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் வரத்தான் வருகிறது. ஆனால் அது நான் என் மனைவியிடம் கேட்க வேண்டிய கேள்வி என்பதை அவளே நினைவூட்டிவிடுகிறாள்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் மகள் ஒருநாள், "அப்பா, இன்டராகேட்டுக்கு இன்னும் நாலு வார்த்தை சொல்லேன்" என்றாள். கொஸ்டின், எக்ஸாமின், ப்ரோப், க்ரில் எல்லாம் அவளே எழுதியாயிற்று. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆகவே இப்படிச் சொன்னேன்: "ரோஜே என்கிற ஆங்கிலேயர் தெசாரஸ் வெளியிட்டது 1852-ல். நம் ஏலாக்குறிச்சி வீரமாமுனிவர் அதற்கு 120 வருஷம் முன்னாடியே, 1732-ல், சதுரகராதி செய்துவிட்டார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு பகுதி." "நான் கேட்டது அது இல்லேப்பா" என்றாள். எனக்குத் தெரியும். ஆடுவாயா என்று கேட்டால் பாடுவேன் என்பதற்கு நன்னூலில் இனமொழி விடை என்று பெயர். என் குடும்ப வாழ்க்கையே அதில்தான் நடக்கிறது.

இன்டராகேட்டை வாக்கியத்தில் அமைத்துக் காட்டச் சொன்னபோது மட்டும் தடுமாறவில்லை. எழுவாய் அவள் அம்மா, செயப்படுபொருள் நான். சட்டென்று அமைந்தது.

எதிர்ச்சொல் 'பதில்' என்று அவள் புத்தகத்தில் போட்டிருந்தது. அதை எழுதியவர் பிரம்மச்சாரியாக இருக்க வேண்டும். பவணந்தியார் சொன்ன விடைகள் எட்டு. அவற்றில் ஒன்று, திருப்பிக் கேள்வி கேட்பது. "குழாய் சொட்டறதே, பிளம்பரைக் கூப்பிட்டேளா?" என்றால் "கூப்பிடாமல் இருப்பேனா?" என்பது செல்லும் விடை. "கால் வலிக்கிறது" என்றால் உற்றது உரைத்தல்; "போனால் கால் வலிக்கும்" என்றால் உறுவது கூறல். எட்டில் மூன்றுதான் நேரடியானவை, மீதி ஐந்தும் குறிப்பால் உணர்த்துபவை. அந்த ஐந்தின் நிழலில்தான் புருஷர்கள் பிழைத்துக் கிடக்கிறோம். குழாய் இன்னும் சொட்டுகிறது. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பொருள் கேட்க ராமாநுஜர் 18 தடவை நடந்தார் என்பார்கள். எங்கள் பிளம்பர் விஷயத்தில் நான் அவரைத் தாண்டிவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

இந்த நாட்டில் அரசாங்கத்துக்குக் கிடைக்கிற சலுகை குடும்பஸ்தனுக்கு இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி அரசு அலுவலகத்துக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். கேட்பவர் பத்து ரூபாய் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் கட்டணமும் கிடையாது, அவகாசமும் கிடையாது. எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது என்ற ஒரு விதி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது.

இத்தனை நுணுக்கமாகப் பிரித்த முனிவர், எட்டு விடைகளில் 'தெரியாது' என்பதைச் சேர்க்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறோம். போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் ஏதோ மடத்துக்கு வழி கேட்டார். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. "ராஜகோபுரம் 236 அடி, 1987-ல்தான் கட்டி முடித்தார்கள். கோயிலுக்கு ஏழு பிராகாரம். நேரே போய் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள், எப்படியும் வந்துவிடும்" என்றேன். நன்றி சொல்லிவிட்டு மனுஷர் நடந்தார்.

நீங்கள் ஸ்ரீரங்கம் வந்தால் யாரிடம் வேண்டுமானாலும் வழி கேளுங்கள். என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். கட்டாயம் சொல்லிவிடுவேன்.