குழம்புக்கா, வறுவலுக்கா?

பன்றி விலாவை வாட்டித் தின்பதற்கென்றே ஆண்டவன் ஓர் ஊரைப் படைத்திருந்தால், அது எங்கள் நெல்லிக்குப்பமாகத்தான் இருக்கும். பார்பிக்யூ சாஸுக்கு இனிப்பு வேண்டும். 1842 முதல் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இங்கே இருக்கிறது. புகைக்கு விறகு வேண்டும்; கிழக்கே கடலூர் பக்கம் சவுக்கு, மேற்கே பண்ருட்டி பக்கம் முந்திரி. கரி போதாவிட்டால் நெய்வேலி பூமிக்கடியில் கிடக்கிறது. குறை ஒன்றே ஒன்றுதான்: ஊரில் ஒருவரும் பன்றி விலாவை வாட்டித் தின்பதில்லை.

அந்தக் குறையைப் போக்க நான் கிளம்பினேன். துணைக்கு என் மச்சான், நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்வாசி. கரி என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்கு நெஞ்சு நிமிரும். ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்குக் கிணறு வெட்டப்போய்க் கறுப்பாக ஏதோ வந்த கதையில் ஆரம்பித்து, 1957-இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தது வரை சொல்லி முடித்தால்தான் அடுத்த பேச்சு. "கரியை நான் பாத்துக்கறேன் மச்சான்" என்றார்.

பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி தண்ணீர். எரியும்போது வருகிற வாடைக்கு, உள்ளே வேகிறது பன்றியா பழைய டயரா என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் நெய்வேலியிலேயே அதைப் பக்குவம் செய்து 'லெக்கோ' என்று கரிக்கட்டி விற்றார்கள். வீட்டு அடுப்புக்கு ஏற்றது, புகையே வராது என்பதுதான் அதன் பெருமை. எனக்கோ புகைதான் வேண்டும். கடைசியில் இஸ்திரிக்காரர் வாங்குகிற கடையிலேயே சவுக்குக் கரி வாங்கினோம். மச்சான் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். "அப்ப முந்திரிக்கொட்டை ஓட்டையாவது போடுவோமே" என்றார். அந்த ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது பண்ருட்டிப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். புகைக்குக் கொல்லையில் இருந்த கொய்யாக் கிளையை வெட்டிக்கொண்டேன்.

இனிப்பிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டிக்காரர்கள் சாஸில் மொலாசஸ் ஊற்றுவார்கள். அரவைக் காலத்தில் எங்கள் ஊர்க் காற்றிலேயே அந்த வாசனை உண்டு. ஆனால் மொலாசஸ் சாராயத்துக்குத் தாய் என்பதால் அரசாங்கம் அதற்குக் கட்டுக்காவல் போட்டிருக்கிறது. "விலா எலும்பில் தடவ ஒரு கிண்ணம் கொடுங்க" என்று நான் போய் நின்றால் எந்த அதிகாரி நம்புவார்? கறுத்த வெல்லத்தை வினிகரிலும் தக்காளியிலும் கரைத்து, மிளகாய்த்தூள் போட்டுக் கொதிக்கவைத்தேன். மொலாசஸுக்கு ஒன்றும் இளைத்ததில்லை.

வெண்பன்றிக் கடைக்காரர் கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

"குழம்புக்கா, வறுவலுக்கா சார்?"

"ரெண்டுக்கும் இல்லை. பட்டையா, முழுசா, வெட்டாம."

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "வெட்டாம எப்படி சார் வேகும்?"

வேகும். உள்பக்கம் ஒட்டியிருக்கிற சவ்வை மட்டும் துணியால் பிடித்து உரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் வாட்டினாலும் ரப்பர்தான். உப்பு, மிளகு, வெல்லத்தூள் தடவி இரவெல்லாம் ஊறவிட்டு, மறுநாள் மொட்டைமாடியில் பழைய டின்னுக்குள் ஒரு ஓரமாகத் தணல், மறு ஓரமாக விலா. நேரே நெருப்பின்மேல் வைக்கக் கூடாது. உள்ளே சூடு 110, 120 டிகிரியைத் தாண்டாமல் ஐந்து மணி நேரம். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதட்டில் ஒட்டுகிறதே, அந்தப் பசை விலாவிலும் விறைப்பான நாராக இருக்கிறது; மெள்ள மெள்ளத்தான் இளகும். அவசரப்பட்டுத் தணலைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே விறைத்துக்கொள்ளும்.

இதை மாமியாருக்கு விளக்கினேன். "குக்கர்ல அஞ்சு விசில் விட்டா முடிஞ்சுது. பாவம், அமெரிக்காவுல குக்கர் கிடைக்காதா மாப்ளே?" என்றார். பக்கத்து மாடியிலிருந்து ஒரு பாட்டி, "தம்பி, கொசுவுக்கா புகை போடறீங்க?" என்றார். மச்சான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தார். திறக்கும்போதெல்லாம் சூடு ஓடிவிடுகிறது என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்தவருக்கு நெருப்பைக் கண்காணிக்காமல் உட்கார முடியவில்லை.

சாஸைக் கடைசி அரைமணியில்தான் தடவ வேண்டும். சர்க்கரை ஆலை ஊர்க்காரனுக்குப் பாகு கருகினால் கசக்கும் என்று எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இடுக்கியால் பட்டையைத் தூக்கினேன். அது வளைந்து, மேலே வெடிப்பு விட்டது. அதுதான் பதம்.

ஒரு கடி கடித்து, பல் பட்ட இடத்தை மச்சானிடம் காட்டினேன். அமெரிக்கப் போட்டிகளில் இப்படித்தான் பார்ப்பார்கள்: கடித்த இடத்தில் மட்டும் கறி வரவேண்டும், மொத்தமும் எலும்பைவிட்டுக் கழன்று விழுந்தால் ரொம்ப வெந்துவிட்டது என்று மார்க்கைக் குறைத்துவிடுவார்கள்.

மச்சான் தன் கையில் இருந்த எலும்பை ஒரு உதறு உதறிப் பார்த்தார். விழவில்லை.

"கழண்டு வந்தா மார்க் கொறைப்பானா? அப்ப மார்க் கொறைஞ்சதையெல்லாம் நம்ம வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க மச்சான்."