வெள்ளைப் பெட்டிக்கு ஒரு பொன்னாடை

நேமத்தான்பட்டியில் எங்கள் வீட்டு முகப்பில், பர்மாத் தேக்கு நிலைக்கு ஒரு முழம் தள்ளி, இரண்டு காது விறைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று ஆணியில் தொங்குகிறது. மோடம் என்பார்கள், ரவுட்டர் என்பார்கள். மாட்ட வந்த பையன் ‘பாக்ஸ்’ என்றான். ஐயா காலத்தில் அந்த ஆணியில் வீட்டுச் சாவிக்கொத்து தொங்கும். சாவியைவிட இந்தப் பெட்டி எவ்வளவு உசத்தி என்பதை ஐந்து மாதம் பழகித் தெரிந்துகொண்டேன். சாவி என்பது யார் கையில் கொடுத்தாலும் திறந்துவிடும். அந்த ஈனப் புத்தி இதனிடம் கிடையாது.

வீடு ஏழு பங்கு. பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலுமாக இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு என்று வந்தால்தான் வளவில் விளக்கெரியும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீட்டை ஒரு காவல்காரர் எத்தனை தடவை சுற்றிவர முடியும்? தூணும் கதவும் கால் முளைத்துக் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு நடந்துவிடக் கூடாதே என்று ஏழு பங்கும் கூடிப் பேசி, எட்டு கேமராவும், அவற்றின் படத்தைப் பதிந்துவைக்க ஒரு டிவிஆரும் வாங்கினோம். சிங்கப்பூர் அண்ணன் ராத்திரி படுக்கப் போகுமுன் போனில் வளவை ஒரு கண் பார்க்க ஆசைப்பட்டார். “போர்ட் ஃபார்வர்டிங்னு ஒண்ணு இருக்காம் தம்பி, பத்து நிமிஷ வேலையாம். போட்டுவிட்டுரு” என்றார். ஊரில் தங்கிவிட்ட ஒரே பங்கு நான். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் வேறு. எண் சம்பந்தப்பட்ட வேலையெல்லாம் என் தலையில்தான் விடியும்.

கிட்டங்கி தெரிந்தவர்களுக்கு இந்தப் போர்ட் ஃபார்வர்டிங்கைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் நம் நகரத்தார் ஒரே நீளக் கூடத்தில் வரிசையாகப் பெட்டி போட்டுக் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். தபால்காரருக்குக் கூடம் முழுவதற்கும் ஒரே கதவு எண்தான். உள்ளே எந்தப் பெட்டியடிக்குக் கடிதம் போக வேண்டும் என்பதைச் சொல்வது விலாசம். செட்டிநாட்டில் விலாசம் என்றால் தெருப்பெயர் இல்லை. பாட்டன், முப்பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த தொழில் அடையாளம். அதைப் பார்த்துப் பெட்டியடிப் பையன் கடிதத்தை உரிய இடத்தில் சேர்ப்பான். நம் வீட்டு மோடமும் ஒரு கிட்டங்கி. வெளியுலகுக்கு ஒரே எண். உள்ளே டிவி, போன், டிவிஆர் ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண். விலாசத்துக்குப் பதில் போர்ட் எண், 0 முதல் 65,535 வரை. ‘8000 என்று போட்டு வருகிற கடிதத்தை டிவிஆரிடம் கொடு’ என்று மோடத்திடம் எழுதிவைப்பதுதான் மொத்த வித்தை. இணைய எண்கள் தீர்ந்துபோகுமே என்று பயந்து 1994-இல் இந்தக் கிட்டங்கி ஏற்பாட்டை எழுதிவைத்தவர்கள், இது குறுகிய காலத் தீர்வு என்றே குறித்திருந்தார்கள். முப்பது வருஷம் ஓடிவிட்டது. தற்காலிகக் கொட்டகைக்கு இத்தனை ஆயுள் கொடுத்த பொறியாளர்களை மெச்சத்தான் வேண்டும். நம் ஊர்ப் பக்கத்துப் பாலங்களுக்கு அவர்களைக் கூப்பிட்டிருக்கலாம்.

பெட்டியின் அடக்கத்தை முதலில் சொல்கிறேன். தான் கற்றதை அது ஒரே இடத்தில் கொட்டிவிடாது. போர்ட் ஃபார்வர்டிங் என்கிற பெயரில் தேடினால் அகப்படாது. ஒரு மாடலில் ‘விர்ச்சுவல் சர்வர்’ என்று இருக்கும், இன்னொன்றில் ‘போர்ட் மேப்பிங்’ என்று இருக்கும், மற்றொன்றில் ‘நேட்’ என்ற தலைப்புக்குக் கீழே மூன்றாங்கட்டில் ஒளிந்திருக்கும். நம் வீட்டில் பீரோவுக்குள் பெட்டி, பெட்டிக்குள் டப்பா, டப்பாவுக்குள் பொட்டலம் என்று நகை வைத்த ஆச்சிமார்களின் பழக்கம் இதற்கு எப்படி வந்ததோ! கண்டுபிடித்து எழுதி ‘அப்ளை’ அழுத்தினால் பச்சை டிக் போட்டுத் தலையாட்டும். ஆனால் ‘கமிட்’ என்று வேறொரு பக்கத்தில் இன்னொரு பொத்தான் உண்டு. அதையும் அழுத்தினால்தான் நினைவில் நிற்கும். இதை அது வாய்விட்டுச் சொல்லாது. மாணவன் தானே தவறிக் கற்கட்டும் என்று விட்டுவிடுகிற நல்லாசிரியர் குணம். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பெடுத்தும் எனக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை.

சமத்துவத்திலும் குறை சொல்ல முடியாது. முதல் வாரம் டிவிஆருக்கு 192.168.1.5 என்று எண் கொடுத்தது. அந்த எண்ணுக்குத்தான் நானும் கதவு திறந்து வைத்தேன். வெள்ளிக்கிழமை கரண்டு போய்த் திரும்பியது. பெட்டி எல்லாரையும் புதிதாக வரிசையில் நிற்கவைத்து, முதலில் வந்தவருக்கு முதல் எண் என்று பங்கிட்டது. டிவிஆர் எழுந்துவரத் தாமதம். 5-ஆம் எண் டிவிக்குப் போயிற்று. சிங்கப்பூரிலிருந்து வளவைப் பார்க்க வருகிறவரை, நான் எழுதிக்கொடுத்தபடியே, அணைத்து வைத்த டிவியிடம் கூட்டிப்போக அது தயாராக நின்றது. பாகப்பிரிவினைக்குப் பெரியவர்கள் ஏழு வருஷம் எடுத்துக்கொண்ட வீட்டில், ஒரு மின்வெட்டில் மறுபங்கீடு முடிந்துவிட்டது. டிவிஆருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக எழுதிவைக்கும் பக்கம் வேறெங்கோ இருப்பதைப் பத்து நாள் கழித்துக் கண்டுபிடித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் பார்த்தால் எட்டு கேமராவும் பளிச்சென்று தெரிந்தன. ஆத்தங்குடிக் கல்லின் பூவைக்கூட எண்ணலாம். காவல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தா வளவு நேராவே தெரியுதே, போன்ல எதுக்குண்ணே பாக்குறீக?” என்றார். அவர் இணையம் படித்தவரில்லை.

தெருமுனைக்குப் போய் மொபைல் டேட்டாவில் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் இணையம் தரும் நிறுவனத்தைப் புகழ வேண்டும். பெயர் சொல்லப் போவதில்லை. விளம்பரம் தேடாத அவர்கள் மனம் வருந்தும். மோடத்தின் நிலவரப் பக்கத்தில் வெளி எண் 100-இல் தொடங்கி 70 சொச்சம் என்று இருந்தது. கணக்கு வாத்தியார் புத்தி குடைந்தது. ஆசியா பசிபிக் பகுதிக்கான பழைய இணைய எண்கள் 2011 ஏப்ரலில் கடைசிப் பங்குக்கு வந்துவிட்டன. மறு வருஷம் ஏப்ரலில், 100.64 முதல் 100.127 வரை சுமார் 41.9 லட்சம் எண்களை, நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை உள்ளே அடுக்கி வைப்பதற்கென்றே ஒதுக்கினார்கள். ஆக, என் வீடு கிட்டங்கி என்றால் அவர்களுடையது கிட்டங்கிகளை உள்ளடக்கிய கிட்டங்கி. எத்தனையோ வீடுகளுக்கு உலகத்தைப் பார்த்து ஒரே வாசல். கூட்டுக்குடும்பம் சிதைந்துவிட்டது என்று மேடைதோறும் புலம்புகிறோம். ஊரார் அத்தனை பேரையும் ஓசைப்படாமல் ஒரே கூரைக்குள் கொண்டுவந்து, ஒருவருக்கொருவர் பங்காளி என்று தெரியாமலே வாழவைத்திருக்கிற புண்ணியவான்களுக்கு நாம் என்ன கைம்மாறு செய்வது?

நான் பாடுபட்டு எழுதிய விதியெல்லாம் உள்கதவுக்கு. வெளிக்கதவில் நிற்கிறவரிடம் என் டிவிஆரைப் பற்றிச் சொல்ல எனக்கு வழியில்லை, கேட்க அவருக்கும் அவசியமில்லை. ஆனாலும் மோடத்திலிருந்து போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தை அவர்கள் நீக்கிவிடவில்லை பாருங்கள், அங்கேதான் பெருந்தன்மை. வரிசை வரிசையாக விதி எழுத இடம், ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக். குழந்தைக்கு மரப்பாச்சி கொடுத்தால் அழுகை நிற்கிற மாதிரி, எனக்கும் நாலைந்து வாரம் நல்ல பொழுதாகப் போயிற்று.

வாடிக்கையாளர் சேவைக்கும் போன் செய்தேன். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. “சார், மோடத்தை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்பார்கள். பதினோரு தடவை செய்தேன். காய்ச்சலுக்கும் கால் உளைச்சலுக்கும் ஒரே கஷாயம் கொடுத்த எங்கள் அப்பத்தா நினைவு வந்தது. அந்தக் கஷாயமாவது கசக்கும். பன்னிரண்டாம் தடவை ஒரு தங்கையார், “உங்களுக்குப் பப்ளிக் ஐபி வேணும் சார், அதுக்குத் தனிக் கட்டணம்” என்று உண்மையைச் சொல்லிவிட்டார். சொன்னதற்காக அவர் வேலைக்கு ஆபத்து வந்திருக்காதே என்று இன்றுவரை கவலை.

நாங்கள் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய கூட்டம். கடல் கடந்து போய், மூன்று வருஷச் சம்பளச் சீட்டு எழுதி ஆள் வைத்துத் தொழில் செய்தவர்கள். நெல் வயலுக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் கடன் கொடுக்கத் தெரிந்த எங்கள் முன்னோர் ஒருவருக்கும், வீட்டுக்காரனுக்கே அவன் வாசலை மாத வாடகைக்கு விடலாம் என்று தோன்றவில்லை. தொழில் நுட்பம் வளர்ந்துவிட்டது என்று சும்மாவா சொல்கிறார்கள்.

வாடகை கட்டினேன். வாசல் திறந்தது. அண்ணனுக்குச் சொன்னேன். அவர் ஆபீஸ் வைஃபையில் 8000-ஐ அடைத்து வைத்திருந்தார்கள். அவருக்குத் தெரியவில்லை. மற்ற எல்லாருக்கும் தெரிந்தது. அன்று ராத்திரி டிவிஆரின் பதிவேட்டைத் திறந்தேன். யார் யாரோ, எந்தெந்த நாட்டு எண்ணிலிருந்தோ, கதவைத் தட்டி ‘அட்மின்’ என்று பெயர் சொல்லியிருந்தார்கள். எழுபத்து சொச்சம் நகரத்தார் ஊர்களில் நேமத்தான்பட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் சென்னையிலேயே பாதிப்பேர் விழிப்பார்கள். கதவு திறந்த அன்றைக்கே உலகம் எங்களைக் கண்டுகொண்டது. திறந்து கிடக்கும் இணையக் கருவிகளைத் தேடித் தருவதற்கென்றே 2009 முதல் ஷோடான் என்று ஒரு தேடுபொறி நடக்கிறது. இத்தனை பேர் விசாரிக்கிறார்கள் என்றால் வீட்டுக்குப் பெருமைதானே.

கேமராவும் டிவிஆரும் செய்கிற கம்பெனிகளின் விருந்தோம்பலையும் இங்கே குறிப்பிட வேண்டும். விருந்தாளி சிரமப்படக் கூடாது என்று கடவுச்சொல்லை உலகம் முழுவதற்கும் ஒன்றாகவே வைத்து அனுப்பிய தயாள குணம் அவர்களுடையது. 2016-இல் மிராய் என்கிற நிரல், அப்படிப்பட்ட அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி இணையதளப் பெயர்களுக்கு எண் காட்டிக்கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தை அந்தப் படை மொய்த்ததில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. யார் வீட்டு வளவையோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கேமரா கண்டம் தாண்டிப் போருக்குப் போயிற்று. எங்கள் டிவிஆரின் கடவுச்சொல் 1-இல் தொடங்கி வரிசையாகப் போகும் ஐந்தாறு எண்கள். மாட்டியவர் சுவரிலும் எழுதிவைத்திருந்தார், மறந்துவிடக் கூடாதென்று. அவசரமாக மாற்றினேன். விடியுமுன் கதவையும் சாத்தினேன். அந்த மாத வாடகை திரும்பக் கிடைக்காது என்று நிறுவனம் கனிவாகத் தெரிவித்தது.

போர்ட்டைத் திறக்காமல் விபிஎன் வைத்து உள்ளே வருவதுதான் பத்திரமான வழி என்று அண்ணன் மகன் சொன்னான். அதற்கும் பெட்டியில் ஒரு பக்கம் இருக்கிறது, சாம்பல் நிறத்தில், அழுத்தினால் அமுங்காமல். டிவிஆர் கம்பெனியின் ஆப்பில் ஸ்கேன் செய்தால் இரண்டே நிமிஷத்தில் படம் வரும் என்றும் சொன்னான். அது அவர்களுடைய சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். “நம்ம வளவை நாம பாக்க ஊரான்ட்ட உத்தரவு கேக்கணுமா?” என்று அண்ணன் மறுத்துவிட்டார். பின்னே புதிய எண் முறை, ஐபிவி6, அதுவும் பெட்டியில் இருக்கிறது. 340-க்குப் பின்னால் 36 பூஜ்யம் போடுகிற அளவுக்கு எண்கள். வீட்டு எறும்புக்கெல்லாம் தனி விலாசம் கொடுக்கலாம். டிவிஆருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறது. வெளியிலிருந்து அதைக் கூப்பிட்டால் மட்டும் பெட்டி அனுமதிக்காது. அனுமதிக்கச் சொல்லும் பொத்தானை வைக்க இடம் போதவில்லை போலும்.

இப்போது தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு, சிங்கப்பூரில் பதினொன்றரைக்கு, அண்ணன் காவல்காரரை வாட்ஸாப் வீடியோவில் கூப்பிடுகிறார். வெளியே இருந்து யார் வந்தாலும் மறிக்கிற பெட்டி, உள்ளே இருக்கிற போன் ஏற்கெனவே வெளியே பேசிவைத்த வழியாக வருகிற இந்த அழைப்பை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிடுகிறது. காவல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையிலிருந்து எழுந்து, முகப்பைத் திறந்து, பட்டாலையைக் கடந்து டிவிஆர் வைத்திருக்கிற அறைக்குப் போகிறார். மானிட்டரை ஏற்றி, அதன் முன்னால் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“தெரியுதாண்ணே?”

“ரெண்டாவது கேமரா மறைக்குதுப்பா, கொஞ்சம் தள்ளிப் பிடி.”

தள்ளிப் பிடிக்கிறார். எட்டும் தெரிகின்றன.