நான்கு நாள் விருந்து: கௌதள்ளியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

விருந்தோம்பலுக்கென வள்ளுவர் ஒன்பதாம் அதிகாரத்தையே ஒதுக்கிப் பத்துக் குறள் எழுதினார். விருந்தினர் விடைபெறுவதும் அதில் வருகிறது. எந்த நாள், எந்த பஸ்ஸில் என்ற விவரம்தான் இல்லை. அமெரிக்கர்கள் இந்தக் குறையைச் சட்டம் போட்டுத் தீர்க்கப் பார்த்தார்கள். 1863-ல் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை நன்றி நவிலும் நாளாக அறிவித்தார்; 1941-ல் அவர்களுடைய நாடாளுமன்றம் அதை நான்காம் வியாழன் என்று நிலைநிறுத்தியது. வியாழன் வந்து இறங்கும் சொந்தம் ஞாயிறு வரை தங்கும். நமக்கு இப்படியொரு ஏற்பாடு இல்லையே என்று ஏங்குபவர்கள் 2024 தீபாவளிக்குக் கௌதள்ளியில் வீடு வைத்திருக்கவில்லை.

2. ஆய்வுக் களம்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்கோயிலுக்குப் போகும் சாலையில், ஹனூரைத் தாண்டி, தாளபெட்டாவுக்கு முன்னால் இருக்கிறது கௌதள்ளி. மலையின் மறுபக்கம் இறங்கினால் பாலாறு. அதற்கப்பால் கொளத்தூர், மேட்டூர். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இந்த இரு பக்கங்களுக்கும் இடையில்தான்.

கொள்ளேகாலம் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்துக்கு, அதாவது இன்றைய கர்நாடகத்துக்குப் போனது. 1997-ல் புதிதாகப் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. மாமனும் மச்சானும் திண்ணையை விட்டு எழாமலே வெளிமாநிலத்தார் ஆனார்கள்.

அதே நவம்பர் 1-ஐக் கர்நாடகம் ராஜ்யோத்சவம் என்று விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது. 2024-ல் வியாழன் நரக சதுர்த்தசி, வெள்ளி ராஜ்யோத்சவம், சனி பலிபாட்யமி, பின்னால் ஞாயிறு. தமிழ்நாடு அரசும் வெள்ளிக்கு விடுமுறை தந்து, நவம்பர் 9 சனிக்கிழமையை ஈடான வேலைநாள் ஆக்கியது. மாநிலம் பிரித்த தேதியே சொந்தங்களை நான்கு நாள் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்தது. விருந்து வைத்தவர்களுக்கு ஈடாக ஓய்வுநாள் எதையும் எந்த அரசும் அறிவிக்கவில்லை.

3. கருதுகோள்

கௌதள்ளிக்கு யாரும் கௌதள்ளிக்கென்று வருவதில்லை. "மலைக்குப் போறமுங்க, அப்படியே உங்களையும் பாத்துட்டு…" என்றுதான் வருவார்கள். எனவே இங்கே விருந்தினரை அழைத்தவரும் இல்லை, அழைக்கவில்லை என்று குறைப்படுபவரும் இல்லை. பழி முழுவதும் மாதேஸ்வரனுக்கு.

4. கண்டறிந்தவை

முதல் விதி (கறி விதி): மலைக்குப் போகிறவர் கறி தொடக்கூடாது. தீபாவளியன்று காலை இட்லிக்குக் கறிக்குழம்பு இல்லாமல் விடியாது. இரண்டும் மோதும்போது கறி வெல்லும். மலை மறுநாளைக்குத் தள்ளிப்போகும். மறுநாள் அமாவாசை, மலையில் கூட்டம் தாங்காது. ஆகவே அதற்கும் மறுநாள். மாதேஸ்வரன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. குழம்பு வைத்த அத்தை கோபித்துக்கொண்டதற்குச் சாட்சிகள் பலர்.

இரண்டாம் விதி (அண்டா விதி): எண்ணெய்க் குளியல் விடியுமுன் முடிய வேண்டும். வீட்டில் விறகடுப்பு ஒன்று, வெந்நீர் அண்டா ஒன்று, குளியலறையும் ஒன்று. மலையில் தீபாவளித் திருவிழாவின்போது பேடகம்பணச் சமூகத்துச் சிறுமிகள் 101 பேர் குடம் சுமந்து ஒழுங்காக வரிசையில் வருகிறார்கள். கீழே, தலையில் எண்ணெய் வழிய நிற்கும் ஏழெட்டுப் பெரியவர்களால் ஒரு வரிசையைக் காப்பாற்ற முடிவதில்லை. "மாப்பிள்ளை முதல்ல குளிக்கட்டும்" என்ற ஒரே வாக்கியத்தில் அது கலைகிறது. கடைசியாகக் குளிப்பவர் விறகு வைத்தவர். அவருக்குக் கிடைப்பது பச்சைத் தண்ணீர்.

மூன்றாம் விதி (பாய் விதி): மின்விசிறிக்கு நேர்கீழே விரித்த பாய் வயதில் மூத்தவருக்கு. சார்ஜர் குத்தும் இடத்துக்குப் பக்கத்துப் பாய் வயதில் இளையவருக்கு. அடுக்களை வாசற்படி ஓரம் மிஞ்சுவது வீட்டுக்காரருக்கு. இதற்கு விதிவிலக்கு காணப்படவில்லை.

நான்காம் விதி (புறப்பாட்டு விதி): "கிளம்பறோம்" என்ற சொல்லுக்கும் கிளம்புவதற்கும் இடையில் ஒரு காபி, அதிரசப் பொட்டலம், களிக்கு ஆகட்டும் என்று ஒரு பை ராகி, காணாமல்போன ஒற்றைச் செருப்பு ஆகியவை கட்டாயம். "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போலாமே" என்று வீட்டுக்காரர் மரியாதைக்குச் சொல்ல வேண்டும். அதை மரியாதைக்காக மட்டும் கேட்டுக்கொள்ளும் விருந்தினர் அரிது.

5. மேலாய்வுக்கான பரிந்துரை

2025-ல் நாட்காட்டி வேறு விதமாக விழுந்தது. கர்நாடகத்தில் அக்டோபர் 20 திங்களும் 22 புதனும் விடுமுறை. இடையில் செவ்வாய் வேலைநாள். தமிழ்நாட்டிலோ செவ்வாய்க்கும் விடுமுறை. அதாவது அன்று விருந்தினருக்கு ஓய்வு, வீட்டுக்காரருக்கு ஆபீஸ். சாவியை விருந்தினரிடம் கொடுத்துவிட்டுப் போகும் வீட்டுக்காரர் மாலையில் திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுவார். உள்ளேயிருந்து மச்சான் வந்து திறந்து, "வாங்க மாமா, உக்காருங்க, காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்பார். அந்த நேரத்தில் அந்த வீட்டில் விருந்தினர் யார் என்பதை வருங்கால ஆய்வாளர்கள் முடிவு செய்யட்டும். வீட்டுக்காரர் உட்கார்ந்து காபியைக் குடிப்பதே நல்லது. இத்தனை நாளில் அவர் போடாத காபி அது ஒன்றுதான்.