முந்தினால் அபராதம்!

கே: சென்னையில் கார் ராலிக்கென்றே கிளப் இருக்கிறதாமே? ராலியும் ரேஸும் ஒன்றுதானே?
- வாசகி, தாம்பரம்

ப: 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியவர்கள். தென்னிந்திய ராலியும் இவர்களுடையதே. ரேஸில் முந்துகிறவருக்குக் கோப்பை. பொதுச் சாலையில் நடக்கும் டி.எஸ்.டி. (நேரம், வேகம், தூரம்) ராலியிலோ முந்துகிறவருக்கு அபராதம்! 12 கி.மீ. தூரத்தை மணிக்கு 36 கி.மீ. சராசரி வேகத்தில் கடக்கச் சொன்னால், சரியாக 20ஆவது நிமிடம் அங்கே நிற்க வேண்டும். பிந்தினாலும் புள்ளி போகும், முந்தினாலும் போகும்.

கே: ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேலை?
- வாசகர், ஈரோடு

ப: ஜெயிக்க வைக்கிற வேலை! மடியில் ரோடு புக், கையில் ஸ்டாப்வாட்ச். புத்தகத்தில் வரைபடமெல்லாம் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் புள்ளியில் தொடங்கி அம்புக்குறியில் முடியும் ஒரு சின்னக் கோட்டுப் படம், பக்கத்தில் தூரம். நெதர்லாந்தின் டியூலிப் ராலியிலிருந்து வந்ததால் அதற்கு 'டியூலிப்' என்றே பெயர். பக்கத்தில் இருக்கும் இந்த நேவிகேட்டர் ஒரு கோட்டைத் தவறவிட்டால், எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் போய்ச் சேர்வது வேறு ஊர்தான்.

கே: சேர வேண்டுமென்றால் விலை உயர்ந்த கார் வேண்டுமா?
- வாசகர், திருச்சி

ப: டி.எஸ்.டி.க்கு வீட்டுக் காரே போதும். பிரேக்கும் டயரும் ஒழுங்காக இருக்கட்டும், சீட் பெல்ட் போடுங்கள். பைபாஸில் சீறிப் பாயும் பிள்ளைகளை முதலில் இதில் சேர்த்துவிடுங்கள். வேகத்தை அடக்கி ஆளத் தெரிந்தவரே கெட்டிக்கார ஓட்டுநர் என்பதை ஒரே நாளில் கற்றுவிடுவார்கள்.