பச்சை மிட்டாய்க்குப் பூட்ஸ் எதற்கு?

கருவூல அலுவலகத்தில் காலமெல்லாம் நான் எழுதிய ஆங்கிலம் ஒரே ரகம்தான். 'தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்' என்பதை எத்தனை விதமாகச் சுற்றி வளைக்கலாம் என்பதில் மாவட்டத்திலேயே எனக்குப் பேர் உண்டு. அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நியூஜெர்சியில் அரை லிட்டர் பால் வாங்க முடியாது என்பது 2023 ஜனவரியில் மகள் வீட்டுக்குப் போய் இறங்கிய பிறகு தெரிந்தது.

வெளியே குளிர். மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். "மாமா, நியூஸ் சேனல் பாருங்க, இங்கிலீஷ் தானா வரும்" என்று மாப்பிள்ளைதான் யோசனை சொன்னார். பேசுவதெல்லாம் எழுத்தாகக் கீழே ஓடும்படி ரிமோட்டில் எதையோ அழுத்தியும் கொடுத்தார். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

முதல் பாடம் மிட்டாய். எம் அண்ட் எம்ஸ் என்பது நம்மூர் ஜெம்ஸ் மிட்டாய்க்கு அமெரிக்கப் பங்காளி. விளம்பரத்தில் அந்த மிட்டாய்களுக்குக் கை, கால், முகம் எல்லாம் உண்டு. பச்சை மிட்டாய் ஒரு பெண். முட்டி வரை வெள்ளை பூட்ஸ் போட்டிருந்தாள். 2022-இல் கம்பெனிக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஷூ மாட்டினார்கள். ஃபாக்ஸ் நியூஸில் டக்கர் கார்ல்சன், மிட்டாயின் கவர்ச்சி போய்விட்டதே என்று அங்கலாய்த்தார். தேசத்தில் இருந்த பெரிய பெரிய ஆட்கள் மிட்டாயின் காலைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில், நான் போய்ச் சேர்ந்த அதே ஜனவரியில், மிட்டாய்ப் பாத்திரங்களுக்குக் கொஞ்ச காலம் ஓய்வு தருகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. 'போலரைசிங்' என்ற சொல்லை அந்தச் செய்தியில்தான் கற்றேன். ஊரை இரண்டாகப் பிரிப்பது என்று பொருள். நம் பக்கம் அதற்குத் தேர் வடம், முதல் மரியாதை, சுடுகாட்டுப் பாதை என்று கனமான காரணம் ஏதாவது வேண்டும். அங்கே ஒரு மிட்டாயின் செருப்பு போதுமாக இருந்தது.

அதே மாதம் கேஸ் அடுப்புச் சண்டை. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தில் ஓர் உறுப்பினர், கேஸ் அடுப்பைத் தடை செய்யும் யோசனையும் பரிசீலனையில் இருக்கிறது என்ற தொனியில் ஒரு பேட்டி கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். என் பிணத்தின் கையிலிருந்துதான் அடுப்பைப் பிடுங்க முடியும் என்ற பாணியில் டெக்சாஸ் எம்.பி. ஒருவர் முழங்கினார். தடையெல்லாம் கிடையாது என்று வெள்ளை மாளிகையே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அரசியலில் இதுவரை எந்தக் கருத்தும் சொல்லாத என் மனைவி, "கரண்ட் அடுப்புல தோசை வார்த்தா தோசை மாதிரியா இருக்கும்? அந்த டெக்சாஸ்காரர் சொல்றதுதான் நியாயம்" என்று ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

அந்த வாரமே 'கேஸ்லைட்டிங்' என்ற சொல்லும் என் நோட்டில் ஏறியது. பேட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. வீட்டில் விளக்கு மங்குவது மனைவியின் பிரமை என்று கணவன் சாதித்துச் சாதித்து, அவளுக்குத் தன் புத்தி மீதே சந்தேகம் வரவழைப்பான். 2022-இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி இதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. கற்ற சொல்லைப் புழங்கினால்தானே நிற்கும்? நான் வைத்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் காணோம், அங்கே நீங்கள் வைக்கவே இல்லை என்று மனைவி சாதித்தாள். "யூ ஆர் கேஸ்லைட்டிங் மீ" என்றேன். "கேஸைப் பத்த வச்சாத்தான் உங்களுக்குக் காப்பி. பேசாம உக்காருங்க" என்றாள்.

படிப்பதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டேன். அரை மணி ஃபாக்ஸ், அரை மணி சி.என்.என். ஒரு சேனலில் 'பெற்றோர் உரிமை' என்பார்கள். அடுத்ததில் 'புத்தகத் தடை' என்பார்கள். இரண்டும் ஃபுளோரிடாவில் உள்ள அதே பள்ளி நூலக அலமாரிகளைப் பற்றிய பேச்சு என்று புரியச் சில நாள் பிடித்தது. மொத்த ரகளைக்கும் 'கல்ச்சர் வார்' என்று பெயர். ஜேம்ஸ் டேவிசன் ஹன்டர் என்ற சமூகவியலாளர் 1991-இல் இந்தத் தலைப்பில் புத்தகம் எழுதினார். அடுத்த வருஷமே ஹூஸ்டனில் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் பேட் புக்கானன் இப்படி ஒரு போர் நடக்கிறது என்று அறிவித்தும் விட்டார். பேராசிரியர் எழுதியதை அரசியல்வாதி இவ்வளவு சீக்கிரம் எடுத்து ஆள்வது எந்த நாட்டிலும் அபூர்வம்.

'வோக்' என்ற சொல்தான் என்னைப் படுத்தியது. சமூக அநீதி விஷயத்தில் விழிப்பாக இருப்பது என்று பொருள். வேக், வோக், வோக்கன் என்று ரென் அண்ட் மார்ட்டினை உருப்போட்ட தலைமுறை நான். இறந்தகால வினைச்சொல் ஒன்று கோட்டு மாட்டிக்கொண்டு பெயரடையாக உலவுவதைப் பார்க்க மனம் பதறியது. ஆனால் அதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அலபாமாவில் பொய் வழக்கில் சிக்கிய ஒன்பது கறுப்பின இளைஞர்களைப் பற்றி 1938-இல் பாடிப் பதிவு செய்த லெட் பெல்லி என்ற பாடகர், அந்தப் பக்கம் போகிறவர்கள் விழித்திருங்கள் என்று தன் மக்களை அதில் எச்சரிக்கிறார். உயிர் பிழைக்கச் சொன்ன சொல் அது. 2022-இல் ஃபுளோரிடா அதைத் தடுப்பதாகச் சொல்லி ஒரு சட்டத்துக்கே 'ஸ்டாப் வோக்' என்று பெயர் வைத்தது.

'லாட்டினெக்ஸ்' கதை வேறு மாதிரி. ஆண்பால் பெண்பால் பேதம் வேண்டாம் என்று ஸ்பானிய வம்சாவளியினருக்கு உண்டாக்கிய பெயர். அவர்களில் இதைத் தமக்குச் சூட்டிக்கொள்பவர்கள் நூற்றுக்கு 3 பேர் என்று பியூ ஆய்வு மையம் 2020-இல் கணக்குச் சொன்னது. அர்கன்சா ஆளுநர் சாரா சாண்டர்ஸ் 2023 ஜனவரியில் பதவியேற்ற முதல் நாளே இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்க ஆணையிட்டார். முதல் கையெழுத்து என்றால் சத்துணவு, கடன் தள்ளுபடி என்று பார்த்தே பழகிய கண்ணுக்கு இது புதுசு.

'தே' என்று ஒருவரைப் பன்மையில் சொல்லலாமா என்று நடந்த வாதத்தில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. கலெக்டர் அவர்கள் வந்தார்கள் என்றால் ஆணா பெண்ணா என்று எந்தத் தாசில்தார் கேட்டார்? எழுந்து நிற்பதுதான் முக்கியம்.

'டாக் விசில்' என்ற சொல்லும் அப்போது சிக்கியதுதான். நாயின் காதுக்கு மட்டும் எட்டும் ஊதல். மேடையில் பேசுவது ஊருக்கெல்லாம் சாதாரணப் பேச்சாகக் கேட்கும். யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கு மட்டும் உள்ளர்த்தம் போய்ச் சேரும். நல்ல சொல் என்று அடிக்கோடிட்டு வைத்தேன்.

ஜூன் 29 அன்று, கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று எனக்கு நோட்டே தேவைப்படவில்லை. 'மெரிட்' என்று ஒருவர் ஆரம்பித்ததும், அடுத்து என்ன சொல்வார், எதிரில் இருப்பவர் என்ன பதில் சொல்வார், மூன்றாவது பெட்டியில் இருப்பவர் எப்போது குறுக்கிடுவார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை அசந்துபோனார். 1951-இல் நம் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோதும், 1990-இல் மண்டல் பரிந்துரையின் போதும் பேசித் தேய்ந்த வசனங்கள்தானே. 'தகுதி, திறமை' என்று எங்கள் டீக்கடையில் ஓடிய படம் ஆங்கிலத்தில் டப்பாகி வந்திருந்தது. 'லெகசி' மட்டும் புதுச் சரக்கு. அப்பா படித்த கல்லூரி என்பதற்காகப் பிள்ளைக்குத் தரும் சலுகை. அதைத் தீர்ப்பு தொடவில்லை.

ஜூலை நாலாம் தேதி விடுமுறைக்குத் தெரிந்த குடும்பங்களெல்லாம் எங்கள் வீட்டில் பாட்லக் சாப்பாட்டுக்குக் கூடின. தீர்ப்பைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பிரியாணித் தட்டோடு ஒரு தம்பி 'பிரிவிலேஜ்', 'சிஸ்டமிக்' என்று சரளமாகப் பொழிந்துகொண்டிருந்தார். அப்போது யாரோ, சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை சட்டம் போட்டதையும், கலிஃபோர்னியாவில் அதே மாதிரி ஒரு மசோதா நிலுவையில் இருப்பதையும் சொன்னார்கள். தம்பியின் ஆங்கிலம் சட்டென்று நின்றது.

"அதெல்லாம் இங்க எங்க சார் இருக்கு? மீனம்பாக்கத்துலயே விட்டுட்டுல்ல வந்தோம்" என்றார் தமிழில். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரோ ரிமோட்டை எடுத்துப் பாட்டு வைத்தார்கள்.

தம்பி என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார்.

"சாருக்கு ஊர் மதுரைன்னீங்கள்ல. மதுரையில எந்தப் பக்கம்?"

"சிம்மக்கல்."

"சிம்மக்கல்ல எந்தத் தெரு சார்?"

சொன்னேன். அதில் அவருக்குத் தெளிவு கிடைக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"பூர்வீகமே மதுரைதானா, இல்ல வெளியூரா?"

"திருமங்கலம் பக்கம்."

"அப்படியா! அந்தப் பக்கம்னா... உங்களுக்குக் குலதெய்வம் எது சார்?"

நான் வாயைத் திறக்குமுன், தயிர்ப் பச்சடிக் கிண்ணத்தோடு வந்த என் மனைவி சொன்னாள்: "அதையும் மீனம்பாக்கத்துலயே விட்டுட்டோம் தம்பி. விசா கிடைக்கல."