ஹேங் ஆகும் வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டு ஹாலில் பிளக் பாயின்ட் இரண்டே இடத்தில். ஒன்று கிரைண்டருக்குப் பக்கத்தில், இன்னொன்று பூஜை அலமாரிக்குப் பக்கத்தில். மாவு தெறிக்குமே என்று பயந்து, கம்ப்யூட்டரைச் சாமி பக்கம் வைத்தேன்.

அது ஹேங் ஆகும். மற்ற நாட்களில் அதன் இஷ்டம். வெள்ளிக்கிழமை மட்டும் தவறாது.

போன வெள்ளி, ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தியில் இருந்தபோது மவுஸ் அம்பு அப்படியே நின்றுவிட்டது. பதினைந்து தடவை கிளிக் செய்தேன். அத்தனையையும் அது வரிசையாகக் குறித்துவைத்து, உயிர் வந்ததும் மொத்தமாகச் செய்யப்போய் மறுபடி படுத்துக்கொள்ளும் என்று தெரியும். தெரிந்து என்ன, விரல் கேட்கிறதா?

பிறகு நாடி பார்த்தேன். கேப்ஸ் லாக்கை அழுத்தும்போதெல்லாம் அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, பொறுக்கலாம். எரிந்தது. நிம்மதியாகக் காபி குடித்துவிட்டு வந்து மறுபடி அழுத்தினேன். எரிந்த விளக்கு அணைய மாட்டேன் என்றது.

அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், டெலீட். 1981-ல் வந்த ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டருக்காக டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் செய்த ஏற்பாடு அது. கூட வேலை பார்ப்பவர்களுக்காகச் செய்தார், நமக்காக அல்ல. முதலில் டெலீட் இருக்குமிடத்தில் எஸ்கேப்தான். இடது கை தவறிப் பட்டாலே போதும் என்பதால் தூரத்து விசைக்கு மாற்றினார்கள். கண்டுபிடித்தது நான், பிரபலமாக்கியது பில் கேட்ஸ் என்று 2001-ல் ஒரு மேடையில் கேட்ஸை வைத்துக்கொண்டே அவர் கிண்டலடித்தார். என் மேஜையில் அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

"என்னங்க, ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடுங்களேன்" என்றாள் மனைவி. மிக்ஸி, டிவி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் அவளிடம் இருப்பது இந்த ஒரே மருந்து. எரிச்சல் என்னவென்றால், அது சரியான மருந்து. குறுகிய சந்தில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்து, நீ பின்னால் போ, நீ போ என்று நிற்பதுபோலப் பல சமயம் உள்ளே புரோகிராம்கள் நிற்கும். ஆஃப் பண்ணினால் இரண்டும் வீட்டுக்குப் போய்விடும். கூடவே என் கட்டுரையும். முதல் பத்திக்குப் பிறகு சேவ் பண்ணவில்லை.

பவர் பட்டனை விடாமல் அமுக்கினேன். கழுத்தை நெரிக்கிற மாதிரி இருந்தது. திரும்பப் போட்டால் திரை இருட்டு. உள்ளேயிருந்து பீப், பீப்.

சர்வீஸ் தம்பி வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். விசிறிக்கு அடியில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை.

"வீட்ல ஹோமம் ஏதும் பண்றீங்களா சார்?"

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம்."

"சூடு வெளிய போக வழியே இல்ல சார். அப்புறம் எப்படி ஓடும்?"

பிரஷ்ஷால் வாரினான். சாம்பிராணிக் கரி, திருநீறு, காய்ந்த மல்லிகை, இரண்டு பல்லி முட்டை ஓடு. 1947-ல் ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்து, குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டிவைத்தார்கள். அது இன்று அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் முட்டை ஓடு முறத்தோடு குப்பைக்குப் போயிற்று.

"ரப்பர் இருக்கா சார்?"

பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கொடுத்தேன். ரேமை உருவி, அதன் தங்கநிறப் பற்களை, தப்பாகப் போட்ட கணக்கை அழிப்பதுபோல் தேய்த்தான். ஊதினான். இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல் வைத்து 'டக்' என்று அமுக்கினான். ஒரே ஒரு பீப். திரை வந்தது. முந்நூறு ரூபாய்.

கட்டுரையில் முதல் பத்தி மட்டும் பிழைத்திருந்தது.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சாமி புண்ணியத்துல நல்லபடியா எந்திரிச்சிடுச்சுடா" என்று திருநீற்றுக் கிண்ணத்தோடு வந்தாள். கேபினட்டின் நெற்றியில் பட்டையாக இட்டாள். விரலில் மிச்சமிருந்ததை, பக்தியோடு, மேலே இருந்த ஓட்டைகளுக்குள் தூவினாள்.